பட்டறை கேள்வி–பதில்: நடுவில் துளையுள்ள எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்

கேள்வி: தேக்கு மரத்தில் மேசை விளக்கு செய்கிறேன். தண்டையும் அடிப்பலகையையும் பிடிக்கும் போல்ட்டின் நடுவிலேயே வயர் ஏறி பல்புக்குப் போக வேண்டும். எம்8 அளவு (மரையின் வெளிவிட்டம் 8 மி.மீ.), 50 மி.மீ. நீளம், நடுவில் 4 மி.மீ. துளை, எஸ்.எஸ். போல்ட். கேட்ட கடையெல்லாம் ‘அப்படி வருவதில்லை’ என்கிறார்கள். எங்கே கிடைக்கும்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: போல்ட்டைத் தேடும் முன் வயரை அளந்துவிடுங்கள். 0.5 சதுர மி.மீ. ஒற்றை வயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 2.2 மி.மீ. இரண்டு வயர் பக்கம் பக்கமாகப் போகவே 4.4 மி.மீ. வேண்டும். 230 வோல்ட்டில் எரியும் விளக்கில் கைபடும் உலோக பாகம் இருந்தால் எர்த் வயரும் சேரும். மூன்று வயருக்கு 4.8 மி.மீ. வரை ஆகிவிடும், இழுக்க இடைவெளி தனி. ஆக, நீங்கள் கேட்கும் 4 மி.மீ. துளை 12 வோல்ட் எல்இடியின் மெல்லிய வயருக்குத்தான் சரி. கரெண்ட் நேராக வருகிற விளக்கு என்றால் எம்8-ஐ விட்டுவிட்டு எம்10-க்குப் போங்கள்.

விளக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் ‘நிப்பிள்’ என்று கேளுங்கள். வெளியே முழுக்க மரை, உள்ளே குழாய். எம்10, பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) 1 மி.மீ. என்பது பரவலான அளவு. பித்தளையிலும் முலாம் பூசிய இரும்பிலும் எளிதாகக் கிடைக்கும், எஸ்.எஸ்.தான் அபூர்வம். மரத்துக்குள் மறைந்துவிடும் பாகத்துக்குப் பித்தளையே தாராளமாகப் போதும். ஒன்றில் மட்டும் கவனம்: ஹார்டுவேர் கடையின் சாதாரண எம்10 நட்டுக்குப் பிட்ச் 1.5. அது நிப்பிளில் ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகி நிற்கும். ஸ்பேனர் போட்டு முடுக்கினால் மரை போய்விடும். நட்டையும் அதே கடையில் சேர்த்தே வாங்குங்கள்.

எஸ்.எஸ்.தான் வேண்டுமென்றால் 10 மி.மீ. வெளிவிட்டமும் 1.5 மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள தையலில்லா எஸ்.எஸ். குழாய் வாங்கி, லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) 1 மி.மீ. பிட்ச் மரை போடச் சொல்லுங்கள். மரையின் ஆழம் 0.61 மி.மீ.தான், அடியில் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. சுவர் மிஞ்சும். உள்ளே 7 மி.மீ. துளை, மூன்று வயரும் சிரமமில்லாமல் போகும். மரை போடும் முன் வெளிவிட்டத்தை 9.9-க்கு இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் டை (மரை வெட்டும் கருவி) எஸ்.எஸ்.ஸைப் பிய்த்துக்கொண்டு வரும்.

தலையுள்ள எம்8 போல்ட்டேதான் வேண்டும், வயரும் மெல்லியது என்றால், சாதாரண போல்ட்டையே துளையிட்டுக்கொள்ளலாம். தலையில் ஏ2-70 (304 வகை எஸ்.எஸ்.) என்று பொறித்த ஆறு பட்டை போல்ட் வாங்குங்கள். டிரில்லிங் மெஷினை விட லேத்தே நல்லது: வேலைப்பொருள் சுற்றி பிட் நிலையாக நின்றால் துளை நடுவை விட்டு விலகுவது குறையும்.

லேத் சக்கில் (வேலைப்பொருளைக் கவ்வும் தாடைகள் உள்ள பிடிப்பானில்) மரையை நேரடியாகப் பிடித்தால் நசுங்கும். எம்8 கப்ளிங் நட் (நீளமான நட்) ஒன்றின் ஒரு பக்கத்தை ஹேக்ஸாவால் நீளவாக்கில் பிளந்து, அதில் போல்ட்டை முறுக்கி, நட்டைச் சக்கில் பிடியுங்கள். மூன்று தாடையும் நட்டின் மூன்று பட்டையில் உட்கார்ந்து நட்டைச் சுருக்கிப் போல்ட்டைக் கவ்வும். தலையில் புடைத்திருக்கும் எழுத்தை முதலில் சீவி மட்டமாக்கி, சென்டர் டிரில் (நடுவில் துளையைத் தொடங்கி வைக்கும் குட்டை பிட்) போட்டுத் தொடங்குங்கள்.

பிட் கோபால்ட் கலந்ததாக இருக்கட்டும். வேகம் நிமிடத்துக்கு 950 சுற்று போதும். கட்டிங் ஆயிலைக் கஞ்சத்தனம் பார்க்காமல் விடுங்கள். முதல் 12 மி.மீ. ஆழத்துக்குப் பிறகு 2–3 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துச் சுருளைத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் வரை பிட் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்து அது வெறுமனே உரசினால் 304 எஸ்.எஸ். அந்த இடத்தில் கெட்டிப்பட்டுவிடும். அதன்பின் எந்த பிட்டும் முனை மழுங்கும், அல்லது உள்ளேயே முறியும். முறிந்த பிட்டை எடுக்கப் பாடுபடுவதைவிடப் புது போல்ட் மலிவு.

நீளத்தையும் கவனியுங்கள். தலையும் சேர்த்து 55 மி.மீ. துளைக்க வேண்டும். சாதாரண 4 மி.மீ. பிட்டில் சுருள்வெட்டு 43 மி.மீ.தான், நீள வகை பிட்டில் 78 மி.மீ. வரை வரும். சாதாரண பிட்டால் இரண்டு பக்கமிருந்தும் துளைத்தால் நடுவில் ஒரு படி விழுந்துவிடும், அதன் கூரான விளிம்பு வயர் உறையைச் சீவும். கடைசியாக இரண்டு வாயிலும் பிசிறு எடுத்து ஓரத்தைச் சாய்த்து, வயர்மேல் ஸ்லீவ் போடுங்கள்.

பலம் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். எம்8-இன் தாங்கு பரப்பு 36.6 சதுர மி.மீ., 4 மி.மீ. துளை அதில் 12.6-ஐ எடுத்துக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு போனாலும் விளக்குக்கு அது ஏராளம். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை வேகமாக முடுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பித்தளை நட் போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் உலோகப் பூச்சுக்கான வேக்குவம் சேம்பர் (காற்றை உறிஞ்சி எடுக்கும் கலம்) இருக்கிறது. வெளியே ஹீலியம் வாயுவை அடித்துப் பார்க்கும் சோதனையில் கசிவே தெரியவில்லை. ஆனாலும் அழுத்தம் இறங்க மணிக்கணக்காகிறது. உள்ளே ஒரு தட்டைச் சில எம்5 ஸ்க்ரூவால் பொருத்திய பிறகுதான் இப்படி.
— வாசகர், திருச்சி

பதில்: அந்த ஸ்க்ரூக்கள் அடி மூடிய துளையில் இறங்கியிருந்தால், அடியில் சிறைப்பட்ட காற்று மரை வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசியும். வெளியிலிருந்து வழி இல்லாததால் ஹீலியம் அதைக் காட்டாது. இதற்கென்றே தலைமுதல் நுனிவரை மெல்லிய துளையுள்ள ‘வென்டட் ஸ்க்ரூ’ விற்கிறார்கள், வேக்குவம் கருவி விற்பவர்களிடம் கேளுங்கள். அவசரத்துக்கு, மரையின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் அரத்தால் தட்டையாக்கினாலும் காற்றுக்கு வழி கிடைக்கும். தலைக்கு அடியிலும் ஒரு காடி வெட்டவோ, பிளந்த வாஷர் போடவோ மறக்காதீர்கள். துத்தநாக முலாம் பூசிய ஸ்க்ரூ உள்ளே கூடவே கூடாது. சூடேறினால் துத்தநாகம் ஆவியாகும். எஸ்.எஸ். ஸ்க்ரூவையும் அசிட்டோனில் கழுவித்தான் போட வேண்டும்.

கேள்வி: பைக்கில் பிரேக் ஹோஸைப் பிடிக்கும் போல்ட்டில் துளை இருக்கிறதே, அதையே வயர் இழுக்கப் பயன்படுத்தலாமா?
— வாசகர், சேலம்

பதில்: முடியாது. அந்த பான்ஜோ போல்ட்டில் துளை நுனியில் தொடங்கி, தலைக்குக் கீழே பக்கவாட்டில் வெளியேறும். தலை கெட்டியானது. மாறாக, வீட்டில் துளையிட்ட போல்ட்டைப் பிரேக்கில் மாட்டவே மாட்டாதீர்கள். வாங்கும்போது பிட்ச்சைச் சரிபாருங்கள்: எம்10 பான்ஜோ 1.0, 1.25 என இரண்டு பிட்ச்சிலும் வருகிறது. கழற்றும் ஒவ்வொரு முறையும் ஹோஸ் முனையின் இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போடுங்கள்.