ஜெர்மனியில் நன்றாக வளர்ந்த ஒரு சின்ன கிராமத்தின் கதையைச் சொல்ல முடியுமா?

ஃபெல்ட்ஹைமைச் சொல்கிறேன். பெர்லினுக்குத் தென்மேற்கே 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பிராண்டன்பர்க் மாநிலத்தில் இருக்கிறது. ஆள்கணக்கில் பார்த்தால் இது வளர்ந்த ஊரே இல்லை. சுமார் 130 பேர்தான். பெர்லினுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் நண்பர் ஒருவர் காரில் கூட்டிப்போனார். இறங்கிப் பார்த்ததும், "இதைப் பார்க்கவா ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாழாக்கினோம்" என்றுதான் தோன்றியது. ஒரு தெரு, ஓட்டு வீடுகள், சுற்றிலும் வயல். வயலுக்கு மேலே மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை.

அந்தப் பகுதிக்கு ஃப்ளேமிங் என்று பெயர். மேட்டு நிலம், மணல் பாங்கான மண். காற்றுக்கு மட்டும் பஞ்சமில்லை. கிழக்கு ஜெர்மனி காலத்தில் மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் விவசாயிகளின் நிலமெல்லாம் கூட்டுப் பண்ணைக்குள் போனது. 1990இல் இரண்டு ஜெர்மனியும் இணைந்ததும் கிழக்குப் பகுதியில் எத்தனையோ கூட்டுப் பண்ணைகள் கலைந்தன, இளைஞர்கள் மேற்கே கிளம்பிவிட்டார்கள். ஃபெல்ட்ஹைம்காரர்கள் பண்ணையைப் பிரித்துக்கொள்ளாமல் கூட்டுறவுச் சங்கமாக மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவாக யாரும் பேசாத விஷயம் இது. ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அஸ்திவாரம் என்பேன். நிலம் ஆளுக்கொரு துண்டாகச் சிதறியிருந்தால், முதல் காற்றாலை யார் வயலில் நிற்பது என்பதிலேயே சண்டை வந்து கதை முடிந்திருக்கும்.

மிஷாயேல் ராஷெமான் என்ற பொறியியல் மாணவர் காற்றாலை நிறுத்த இடம் கேட்டு வந்தார். 1995இல் நான்கு காற்றாலைகள் எழுந்தன. இப்போது ஐம்பதுக்கு மேல்.

அடுத்தது சாணம். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போன காலம் அது. இங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு சும்மா இல்லை. 2008இல் சங்கம் ஒரு சாண எரிவாயு ஆலையைக் கட்டியது. பன்றி, மாட்டுச் சாணத்தோடு நறுக்கிப் புளிக்கவைத்த மக்காச்சோளப் பயிரையும் பெரிய தொட்டியில் நொதிக்கவிடுகிறார்கள். வருகிற வாயு இன்ஜினை ஓட்டி மின்சாரம் தருகிறது. இன்ஜின் சூட்டையும் வீணாக்காமல் அதில் தண்ணீரைச் சுடவைத்து, தெருவுக்கு அடியில் புதைத்த குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புகிறார்கள். கடுங்குளிர் நாட்களில் மரச்சில்லு எரிக்கும் பாய்லர் கைகொடுக்கும். ஆலைக்குப் பக்கத்தில் நின்றால் வாடை, மூன்று நாள் வெளியே மறந்து வைத்த இட்லி மாவுதான், சந்தேகமே இல்லை.

நண்பருக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி தன் வீட்டின் நிலவறையைக் காட்டினார். பழைய எண்ணெய்த் தொட்டி இருந்த இடத்தில் பிளம் ஜாம் பாட்டில்களை வரிசையாக அடுக்கியிருந்தார். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே வரும் குழாய் ஒன்று, திரும்பும் குழாய் ஒன்று. வீட்டுக்கு வெப்பம் வருவது அதிலிருந்துதான். எனக்கு ஜாமைப் பற்றித்தான் அதிகம் விளக்கினார்.

சரி, காற்றாலையும் சாண வாயுவும் ஜெர்மனியில் ஊருக்கு ஊர் உண்டு. வயலில் காற்றாலை சுற்றினாலும், அந்த ஊர்க்காரர்களும் நகரத்துக்காரர்களைப் போலவே கடை விலைக்குத்தான் மின்சாரம் வாங்குகிறார்கள். ஏனென்றால் நடுவில் இருக்கும் கம்பி அவர்களுடையதல்ல. ஃபெல்ட்ஹைம் வேறாக நின்றது இங்கேதான். ஊருக்குள் ஓடும் மின்கம்பியை விலைக்கோ வாடகைக்கோ தரச் சொல்லி மின்வலை நிறுவனத்திடம் கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. அப்புறம் என்ன, தெருவைத் தோண்டித் தங்களுக்கென்று தனிக் கேபிள் போட்டுக்கொண்டார்கள்! வெப்பக் குழாய்க்கும் மின் இணைப்புக்கும் சேர்த்து வீட்டுக்கு 3,000 யூரோ போட்டார்கள், மீதிக்கு அரசு, ஐரோப்பிய ஒன்றிய மானியமும் கடனும். 2010 அக்டோபரில் ஊரின் சொந்த மின்வலை ஓடத் தொடங்கியது.

130 பேருள்ள ஊருக்கு ஒரே தெருவில் இரண்டு மின்வலை என்பது கணக்குப் பார்த்தால் வேடிக்கைதான். ஆனால் 2022இல் எரிசக்தி விலை எகிறி நாடே பில்லைப் பார்த்துப் பயந்தபோது, இவர்கள் ஒரு யூனிட்டுக்கு 12 சென்ட் கட்டினார்கள். மற்ற இடங்களில் அதைப்போல மூன்று மடங்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஊர் பயன்படுத்துவது நூற்றில் ஒரு பங்குகூட வராது, மீதியெல்லாம் நாட்டின் பொது மின்வலைக்குப் போகிறது. அதனால் 'உலகத்திலிருந்து துண்டித்துக்கொண்ட ஊர்' என்று சிலர் எழுதுவது சும்மா. 2015இல் 10 மெகாவாட் பேட்டரி நிலையம் ஒன்று வைத்தார்கள். அதன் முக்கிய வேலையே பொது மின்வலையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வதுதான்.

2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானிலிருந்து நிறையப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்வையாளர்களுக்கென்று ஒரு தகவல் மையமும் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள். ரயில் பக்கத்து ஊரான ட்ரோயன்ப்ரீட்சன் வரைதான், அங்கிருந்து மிச்ச தூரத்துக்கு சைக்கிள் போதும். எதிர்காற்று இருந்தால் மட்டும் கொஞ்சம் திட்டிக்கொண்டே மிதிக்க வேண்டியிருக்கும்.