கடன் மட்குவதில்லை

அன்புள்ள ஐயா,

நான் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் பணிபுரிகிறேன். சென்ற மாதம் எங்கள் கல்லூரியில் நடந்த பயிலரங்கில், மனிதர் பிற மனிதரால்தான் மனிதராகிறார் என்று சொல்லும் 'உபுண்டு' என்னும் ஆப்பிரிக்கத் தத்துவத்தைப் பற்றி ஒருவர் பேசினார். மரத்தடியில் பழக்கூடையை வைத்து ஓட்டப்பந்தயம் என்றபோது குழந்தைகள் கைகோத்து ஒன்றாக ஓடிய கதையையும், தென்னாப்பிரிக்கத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கொன்றவர்களை மன்னித்ததையும் சொன்னார். இது நம் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' போன்றதுதானே? இப்படி ஒரு தத்துவம் இருக்கும் மண்ணில் ஊழலும், அயல்நாட்டவர் மீதான தாக்குதல்களும் ஏன் நடக்கின்றன? எழுத்து மரபு இல்லாத சமூகங்களின் வாக்குகளைத் தத்துவம் என்று அழைக்கலாமா? அவற்றை இன்றைய சிக்கல்களுக்குப் பயன்படுத்த முடியுமா? எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

இன்னொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் அண்ணன் ஆலை விபத்தில் இறந்துபோனார். இயந்திரம் பழுது என்று தெரிந்தே அதை ஓட்டச் சொன்னார்கள். வழக்கு நடக்கிறது. உறவினர்கள் "மன்னித்து விட்டுவிடு, நிம்மதி கிடைக்கும்" என்கிறார்கள். என்னால் முடியவில்லை. அந்தத் தாய்மார்களால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

கடைசிப் பத்தி இல்லாதிருந்தால் உங்கள் கடிதத்திற்கு இரண்டு நூல்களின் பெயரை எழுதி அனுப்பியிருப்பேன். நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களின் வழக்குகள் ஏன் முடக்கப்பட்டன என்று ஆராய 2025இல் தென்னாப்பிரிக்க அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்ததிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை உங்கள் அண்ணனின் சாவு தொட்டுவிட்டது. முதலில் சொல்லவேண்டியது இது: உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. பழுதான இயந்திரத்தை ஓட்டச் சொன்னவர் இன்றுவரை உங்கள் அம்மாவின் முன்னால் வந்து நின்று "ஆம், தெரிந்தேதான் சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லாத ஒருவரை எதற்காக மன்னிப்பது என்று உங்கள் உறவினர்களிடம் கேளுங்கள். அவர்கள் உங்கள் நிம்மதியைக் கேட்கவில்லை. உங்கள் துக்கம் தங்கள் காதில் விழாதிருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

எழுத்தில்லாத சமூகத்திற்குத் தத்துவம் உண்டா என்ற கேள்விக்கு நான் நேரம் செலவிடப்போவதில்லை. கென்யாவில் ஒடேரா ஒருக்கா என்னும் தத்துவப் பேராசிரியர் 1970களிலேயே கிராமத்து மூத்தோரிடம் சென்று உட்கார்ந்து, தம் சமூகத்தின் வழக்கத்தையே மறுத்து வாதிடக்கூடியவர்கள் அங்கே உண்டு என்று பதிவுசெய்திருக்கிறார். அதற்குமேல் ஐயம் இருந்தால் அது ஆப்பிரிக்காவைப் பற்றிய ஐயம் ஆகாது. ஊழலைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். 2008 மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவில் அயல்நாட்டவர் மீது நடந்த தாக்குதல்களில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சாவுகளைக் காட்டி உபுண்டு பொய் என்று சொல்ல முடியுமென்றால், கணியன் பூங்குன்றன் பாடிய மண்ணில் நடப்பவற்றைக் காட்டி அவரையும் பொய்யராக்கிவிடலாம். அந்தப் பாடலிலும் முதல் வரியை மட்டுமே மேடைகளில் சொல்கிறோம். பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்று முடியும்வரை யாரும் போவதில்லை. உபுண்டுவுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது.

பழக்கூடைக் கதையைப் பற்றி ஒரு சொல். நீங்கள் எழுதியனுப்பிய வடிவத்தில் ஊரின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, கூடையை வைத்தவரின் பெயர் இல்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து என்ன ஆனார்கள், அவர்களின் நிலம் யார் கையில் இருக்கிறது என்று பயிலரங்கில் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார். கல்லூரியில் பணிபுரியும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு கண்டத்தின் மக்களை இயல்பிலேயே மன்னிப்பவர்களாக வரைந்து காட்டுவது அவர்களைப் புகழ்வதுபோலத் தோன்றினாலும், அவர்களுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்காமல் விடுவதற்கு அதைவிட வசதியான வழி வேறில்லை.

அந்தத் தாய்மார்கள் மன்னித்தார்கள் என்று உங்களிடம் சொன்னவர் எந்தத் தாயைச் சொன்னார்? நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களின் உண்மையை வெளிக்கொணர அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முதல் அமர்வு 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில் கூடியது. பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமை. சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் நொமொண்டே கலாட்டா. அவருடைய கணவர் ஃபோர்ட் கலாட்டா, கிராடாக் என்னும் சிற்றூரின் ஆசிரியர். 1985 ஜூன் 27 அன்று மாத்யூ கொனிவே, ஸ்பாரோ ம்கொண்டோ, சிசெலோ ம்லாவுலி ஆகிய தோழர்களோடு காரில் ஊர் திரும்பும் வழியில் காவல்துறையினர் அவர்களை மறித்துக் கடத்திக் கொன்று உடல்களை எரித்தார்கள். அப்போது நொமொண்டே மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து அந்த மண்டபத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் சாய்ந்து ஓர் ஓலமிட்டார். அமர்வை நிறுத்த வேண்டியிருந்தது. மீண்டும் கூடியபோது டுட்டு ஒரு பாட்டைத் தொடங்கினார், அவை சேர்ந்து பாடியது. உலகம் இதை நல்லிணக்கத்தின் காட்சியாக நினைவு வைத்திருக்கிறது. அதன்பின் நடந்ததை நினைவு வைத்திருப்பவர் குறைவு. கொலையில் தொடர்புடையவர்கள் பொதுமன்னிப்புக் கோரினார்கள். 1999இல் அது மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டால் வழக்குத் தொடரவேண்டும் என்பதே ஏற்பாடு. ஒருவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. அந்த ஓலத்திற்கு அரசு கொடுத்த மறுமொழி அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் தவறிவிடுகிறார்கள். அந்த ஆணையம் மன்னிப்பின் மேல் கட்டப்பட்டதன்று. அது ஓர் ஒப்பந்தம். குற்றம் செய்தவர் முன்வந்து முழு உண்மையையும் சொன்னால் தண்டனையிலிருந்து விடுதலை, வராவிட்டாலோ மறைத்தாலோ நீதிமன்றம், துன்புற்றவருக்கு இழப்பீடு என்பவை அதன் உறுப்புகள். காவலில் கொல்லப்பட்ட விடுதலைப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் இந்தப் பொதுமன்னிப்பே தங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று வழக்குத் தொடர்ந்தபோது, 1996 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களின் வலியை ஒப்புக்கொண்டே, உண்மை வெளிவரவும் நாடு அமைதியாக மாறவும் இந்த விலை தேவை என்று தீர்ப்பளித்தது. அறநோக்கில் அந்தத் தீர்ப்பு நிற்க வேண்டுமென்றால் ஒப்பந்தத்தின் மற்ற உறுப்புகளும் நிறைவேற வேண்டும். 7,112 பேர் பொதுமன்னிப்புக்கு விண்ணப்பித்தார்கள், 849 பேருக்கு அது கிடைத்தது. வழக்குத் தொடரத் தக்கவை என்று ஆணையம் ஒப்படைத்தவை ஏறக்குறைய 300. அவற்றில் நீதிமன்றத்தை எட்டியவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. 2003க்குப் பிறகு இவ்வழக்குகளில் அரசியல் தலையீடு இருந்தது என்பதை ஜோஹானஸ்பர்க் உயர்நீதிமன்றமே 2019இல் பதிவுசெய்திருக்கிறது. இழப்பீட்டை ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003இல் தலைக்கு 30,000 ராண்ட் ஒரேமுறை கொடுத்து முடித்துக்கொண்டது. பரிந்துரைத்ததில் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

ஒப்பந்தத்தில் ஏழைகள் தங்கள் பக்கத்தை நிறைவேற்றிவிட்டார்கள். மண்டபத்திற்கு வந்தார்கள், மைக்கின் முன் அழுதார்கள், பழிவாங்கவில்லை. மறுபக்கம் நிறைவேறவில்லை. நிறைவேறாததை மறைக்க ஒரு தத்துவம் தேவைப்பட்டபோது உபுண்டு கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசியலமைப்பு எந்த வாக்கியத்தில் உபுண்டுவைக் குறிப்பிடுகிறதோ அதே வாக்கியம் இழப்பீட்டின் தேவையையும் குறிப்பிடுகிறது. பதிலடி வேண்டாம் என்று சொன்ன கையோடு ஈடுசெய்தல் வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு பாதியைப் பயிலரங்குகளுக்கு அனுப்பிவிட்டு மறுபாதியை மறந்துவிட்டார்கள்.

மொகோபே ரமோசே என்னும் தென்னாப்பிரிக்கத் தத்துவவாதி உபுண்டுவைப் பற்றி விரிவாக எழுதியவர். மனிதர் பிற மனிதரால்தான் மனிதராகிறார் என்னும் வாக்கை அவரும் எடுத்துப் பேசுகிறார். ஆனால் அவர் சோத்தோ மக்களின் இன்னொரு வாக்கையும் அதனருகில் வைக்கிறார்: 'மொலாட்டோ கா ஓ போலே'. குற்றத்தால் வந்த கடன் மட்கிப்போவதில்லை. காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் அநீதி நீதியாகிவிடாது, காலாவதி என்னும் ஏற்பாட்டிற்கு ஆப்பிரிக்கச் சட்டச் சிந்தனையில் இடமில்லை என்பது அவர் வாதம். நிலப் பறிப்பை அவர் இந்த அளவுகோலால் அளக்கிறார். பிற மனிதரால்தான் நான் மனிதன் என்றால், என்னை மனிதனாக நிறுத்தியவருக்கு நான் செய்த தீங்கை ஈடுசெய்யாமல் என் மனிதத்தன்மை மீளாது. மன்னிக்க வேண்டிய கடமையைவிடத் திருப்பிக்கொடுக்க வேண்டிய கடமை அந்தச் சிந்தனைக்குள் ஆழமாக இருக்கிறது. அதை யாரும் நம் கல்லூரிகளுக்கு வந்து சொல்வதில்லை.

ஜோஹானஸ்பர்க்கில் அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பார்க்கச் சென்றது நினைவுக்கு வருகிறது. காந்தியும் மண்டேலாவும் அடைக்கப்பட்ட பழைய சிறை வளாகத்தில் அது எழுந்திருக்கிறது. இடித்த சிறைப் பகுதியின் செங்கற்களையே அடுக்கி நீதிமன்றக் கூடத்தின் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். பதினோரு நீதிபதிகளின் மேசை முகப்பில் மாட்டுத்தோல், ஒவ்வொன்றிலும் வேறு வேறு புள்ளிகள். அவர்களுக்குப் பின்னால் சுவரின் குறுக்கே நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை. அதன் வழியே வெளியே நடந்துபோகிறவர்களின் கால்கள் தெரிகின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது தேய்ந்த செருப்பணிந்த இரண்டு கால்கள் அங்கே நின்றன, சற்றுநேரம் தயங்கின, பிறகு போயின. என்னோடு டர்பனிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார் இருந்தார். ஓய்வுபெற்ற பள்ளியாசிரியை. கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழிவந்தவர். கேட்டோ மேனரில் அவர் தந்தை கட்டிய வீட்டை இனவாரிக் குடியிருப்புச் சட்டம் பறித்துக்கொண்டது. அவர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "என்கிட்ட யாரும் மன்னிப்புக் கேக்கல தம்பி. ஆனா நான் மன்னிச்சிட்டேன்னு ஊரே சொல்லுது." அவர் குரலில் கோபம் இல்லை. அந்த வீட்டின் பின்கட்டில் நின்ற மாமரத்தைப் பற்றி அதன்பின் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முன்பு ஜான் வோர்ஸ்டர் சதுக்கம் எனப்பட்ட காவல் தலைமையகத்தின் எதிரே நின்றோம். 1971 அக்டோபரில் அகமது திமோல் என்னும் இளம் ஆசிரியர் அங்கிருந்து விழுந்து இறந்தார். 1972இல் நடந்த விசாரணை தற்கொலை என்று முடித்தது. அவர் தாய் ஹவா, ஆணையத்தின் முன் வந்து மகனுக்கு நேர்ந்ததைச் சொல்லும்படி கேட்டார். உண்மையைச் சொல்ல ஒருவர் வரவில்லை. குடும்பத்தாரின் விடாமுயற்சியால் மீண்டும் திறக்கப்பட்ட விசாரணையில் 2017இல்தான் நீதிபதி பில்லி மோத்லே அது கொலை என்று அறிவித்தார். அதைக் கேட்க ஹவா உயிரோடில்லை. 2018இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் காவலர் ஜுவாவோ ரோட்ரிகஸ், விசாரணையை நிரந்தரமாக நிறுத்தக் கோரி நீதிமன்றங்களில் போராடி, 2021இல் விசாரிக்கப்படாமலே இறந்தார். எண்பது வயதுக்காரரை இப்போது கூண்டில் ஏற்றுவது பழிவாங்கல் என்று சிலர் எழுதினார்கள். அவர் முப்பது வயதுக்காரராக இருந்தபோது அவரை ஏற்றாதது யார்?

உபுண்டு நேர்மையாகப் பயன்பட்ட இடங்களும் உண்டு, உங்கள் கேள்வி அதுதான் என்பதை மறக்கவில்லை. 1995 ஜூன் 6 அன்று அதே அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்தது. பொதுமக்களில் பெரும்பாலோர் தூக்கு வேண்டும் என்றிருந்த காலம் அது. கொலைகாரரும் மனிதரே, அவரைக் கொல்லும் அரசு தன் மனிதத்தன்மையை இழக்கிறது என்று நீதிபதிகள் சிலர் உபுண்டுவைக் கொண்டு வாதிட்டார்கள். அது 2004இல் தீர்ப்பளித்த இன்னொரு வழக்கில் போர்ட் எலிசபெத் நகராட்சி, தனியார் நிலத்தில் 29 குடிசைகளில் வாழ்ந்த 68 பேரை வெளியேற்றக் கேட்டது. அவர்களில் 23 பேர் குழந்தைகள். அக்கம்பக்கத்தார் 1,600 பேர் வெளியேற்றச் சொல்லிக் கையெழுத்திட்டிருந்தார்கள். போவதற்கு இடமில்லாதவர்களிடம் பேசிக்கூடப் பார்க்காமல் வெளியேற்ற முடியாது என்று நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதினார். இந்த இரண்டு இடங்களிலும் உபுண்டு யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். தூக்குக் கயிற்றை வைத்திருக்கும் அரசை, புல்டோசரை வைத்திருக்கும் நகராட்சியை. இழந்தவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று அது சொல்லவில்லை. மன்னிப்பின் உருவமாக உலகம் கொண்டாடிய டுட்டுவே 2011இல் வெள்ளையர் மீது செல்வ வரி விதிக்கவேண்டும் என்று பேசியவர். மன்னிப்பு கடனைத் தள்ளுபடி செய்யாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மன்னித்தவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தார்கள், அவர்கள் முன் தலைவணங்குகிறேன். அது அவர்கள் கொடுத்த கொடை. கொடையை வரியாக வசூலிக்க உங்கள் உறவினர்களுக்கோ ஆலை முதலாளிக்கோ உரிமையில்லை. நாற்பதாண்டுகளுக்குப் பிறகு, 2025இல், கிராடாக் நால்வரின் மரண விசாரணை மீண்டும் தொடங்கியது. வழக்குகள் ஏன் முடக்கப்பட்டன என்று ஆராயும் ஆணையமும் அதே ஆண்டில் அமைந்தது, நொமொண்டேயின் மகன் உள்ளிட்ட குடும்பத்தார் குடியரசுத் தலைவர் மீதே வழக்குத் தொடர்ந்த பிறகு. அந்தத் தாய்மார்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்று வேண்டுமென்றால் இந்த விடாப்பிடியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வாசிக்க அந்த 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதும் வேண்டாம், நீதிபதி இவோன் மொக்கோரோ எழுதிய பகுதியை முதலில் படியுங்கள், அது சிறியது. பிறகு ரமோசேயின் கட்டுரைகளுக்குச் செல்லலாம். அண்ணனின் வழக்கில் அடுத்த வாய்தா எப்போது என்று எழுதவில்லை. போய்வந்து என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.