மூன்று தலைமுறைச் செக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கிறேன். அதற்கு முன் பல வருடங்கள் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். 2020 ஊரடங்கில் வேலை போனது. ஊருக்கு வந்து ஒரு பெரியவரிடம் செக்கு வேலை கற்றுக்கொண்டு, கடன் வாங்கி இரண்டு செக்கு போட்டேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஆட்டுகிறேன். உள்ளூரில் ஓரளவு பெயர் இருக்கிறது.

வெளியூருக்குக் கூரியரில் அனுப்பலாம் என்று போன வருடம் ஒரு விளம்பர ஏஜென்சியைப் பிடித்தேன். "உங்கள் கதை என்ன?" என்று கேட்டார்கள். சொன்னேன். இது எடுபடாது என்று அவர்களே ஒன்று எழுதினார்கள். "மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தின் உயிர்மூச்சு" என்று லேபிளிலும் போட்டாகிவிட்டது. என் தாத்தா விசைத்தறியில் கூலிக்கு ஓட்டியவர். நான் தயங்கியதும், அது வேண்டாமென்றால் வேலை போன கதையைக் கண்கலங்கி ஒரு வீடியோவில் சொல்லுங்கள் என்கிறார்கள். போன வாரம் ஒரு அம்மா கடைக்கே வந்து, "உங்க தாத்தா போட்ட செக்கு எதுங்க தம்பி?" என்று கேட்டார். போன் வந்ததுபோல் வெளியே போய்விட்டேன்.

நீங்கள் 'சொந்தக் குரல்' என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். எழுதுகிறவர்களுக்கு அது சரி. எண்ணெய் விற்கிறவனுக்கு என்ன குரல்? கேமரா முன் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சொல்வதற்கும் ஒன்றுமில்லை. நிலக்கடலைப் பருப்பு வாங்குகிறேன், வெயிலில் காயப்போடுகிறேன். பனியன் கம்பெனியில் இருக்குமே, அதே மாதிரி ஒரு செக்கிங் மேஜை போட்டு மேலே டியூப்லைட் கட்டியிருக்கிறேன். அதில் இரண்டு அக்காக்கள் சொத்தைப் பருப்பைப் பொறுக்குகிறார்கள். அப்புறம் ஆட்டுகிறேன், தெளியவைத்து விற்கிறேன். இதில் என்ன கதை இருக்கிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

கதை எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே போகிற போக்கில் ஒரு மேஜையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான். செக்கு எண்ணெய் விற்கும் விளம்பரங்கள் தினமும் கண்ணில் படுகின்றன. வாகை மரம், மெதுவாகச் சுற்றும் உலக்கை, பாட்டி, மண்சட்டி எல்லாம் அவற்றில் உண்டு. பருப்பைப் பற்றிப் பேசியவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. நீங்கள் டியூப்லைட் கட்டிப் பருப்பைப் பார்க்கிறவர்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அடுத்தடுத்துச் செத்தன. காரணம் தெரியாமல் திகைத்தார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த, தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்திருந்த ஒரு பூஞ்சையின் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருட்களில் ஒன்றாக இன்று அது உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால், நனைந்த காயைச் சரியாக உலர்த்தாமல் மூட்டை கட்டினால், இந்தப் பூஞ்சை வரும். நம் மானாவாரிக் கடலை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் பிடுங்கப்படுகிறது.

உங்கள் தொழிலுக்கு முக்கியமான இடம் இனிமேல்தான் வருகிறது. ரீஃபைண்ட் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது காரம் (அல்கலி) சேர்ப்பார்கள், வெளுப்பார்கள். அந்தப் படிகளில் இந்த நஞ்சு ஏறக்குறைய எல்லாமே போய்விடும். செக்கு எண்ணெய்க்கு அந்தப் படிகள் இல்லை. இல்லாததால்தான் அதில் மணமும் சுவையும் நிற்கின்றன. அதனாலேயே, கெட்ட பருப்பு செக்குக்குள் போனால் அதன் ஒரு பங்கு எண்ணெயோடு அடுக்களைக்குப் போகும். மீதி புண்ணாக்கில் தங்கி மாட்டுக்குப் போய், அங்கிருந்து பாலுக்கு வரும். ஒரு மூட்டையில் இந்த நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது என்று கொஞ்சம் பருப்புகளில்தான் பெரும்பகுதி சேர்ந்திருக்கும். ஆகவே மரச்செக்குக்காரர் ஒருவர் தன் வாடிக்கையாளருக்காகச் செய்யக்கூடிய மிக முக்கியமான வேலை, ஆட்டுவதற்கு முன்னால் பருப்பைப் பொறுக்குவது. பனியனில் விட்டுப்போன தையலையும் எண்ணெய்க் கறையையும் வருடக்கணக்கில் தேடிப் பழகிய கண் உங்களுக்கு இருந்ததால் அந்த மேஜையைப் போட்டீர்கள். மூன்று தலைமுறையாகச் செக்கு ஓட்டுகிறவருக்கு அது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

உங்கள் ஏஜென்சி அழித்தது இதை. திருப்பூர் வருடங்களை எடுத்துவிட்டால் அந்த மேஜை ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு விளக்கமே இல்லாமல் போகிறது.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். மனசாட்சி ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டமும் இருக்கிறது. உணவுப் பொருட்களின் விளம்பரம் பற்றி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. இயற்கையானது, தூய்மையானது, அசல், பாரம்பரியம் என்றெல்லாம் நினைத்தபடி போட்டுவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு. தலைமுறைகளாகப் பெரிய மாற்றமில்லாமல் வரும் செய்முறையைத்தான் பாரம்பரியம் என்று சொல்லலாம். மரச்செக்கில் ஆட்டும் முறை பழையது, அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் குடும்பம் அதில் பழையது என்பது வேறு கூற்று, அது பொய். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததில்தான் அந்த வரி பிறந்திருக்கிறது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்றும் லேபிளில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, செக்குக்காரர்கள் குறைசொல்லும் ரீஃபைண்ட் எண்ணெயிலும்தான்.

புதியவன் என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள் என்பது உங்கள் பயம். கடிதத்தில் அதை நேராக எழுதவில்லை, ஆனால் தெரிகிறது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையைத் தொடங்கியது வடக்கேயிருந்து வந்த குடும்பம். வந்தவர்கள் தங்களை இந்த ஊரின் ஆதிகாலத்து அல்வாக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மங்கிய விளக்கில் மாலையில் சில மணி நேரம் விற்றார்கள். கடைக்கு அந்தப் பெயரை வைத்தது வாங்கப் போனவர்கள்தான். அல்வாவே திருநெல்வேலிக்கு வெளியிலிருந்து வந்ததுதான், இன்று அந்த ஊரின் அடையாளமே அது. அங்கே யாரும் உங்கள் தாத்தா யார் என்று கேட்பதில்லை, சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். உங்களிடம் அந்த அம்மா தாத்தாவைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம், லேபிளில் நீங்கள் தாத்தாவைப் போட்டதுதான்.

குரல் என்றால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். லலிதா ஜுவல்லரியின் முதலாளி கிரண்குமார் விளம்பரத்தில் வந்து பேசத் தொடங்கியபோது பலர் அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். நடிகர் இல்லை, பட்டுச் சேலை இல்லை, மேடைத் தமிழும் இல்லை. எங்கள் கடையின் எஸ்டிமேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் மற்ற கடைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். சேதாரம் பற்றிப் பேசினார். நகை வாங்கப் போகும் நம் வீட்டுப் பெண்கள் கல்லாவின் முன் வாய்விட்டுக் கேட்கத் தயங்கிய விஷயம் அது. அவர் சொன்னதை யாரும் சரிபார்த்துவிட முடியும். அவருடைய கடையில் நகை வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அந்தப் பேச்சின் அமைப்பைப் பார்க்கச் சொல்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ முதலாளிகள் கேமரா முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது அவர் நின்ற இடத்தை மட்டும். எஸ்டிமேட்டை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் அவர்களில் பலர் என்ன சொன்னார்கள் என்று நமக்கு நினைவில்லை.

தொழிலில் குரல் என்று நான் நினைப்பது இதைத்தான்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, கேட்பவர் சரிபார்க்கும்படி, வழக்கமாகப் பேசுகிற பேச்சில் சொல்வது. அதைத் தேடி எங்கும் போகவேண்டாம். உங்கள் போனில் இருக்கிறது. வாட்ஸாப்பில் வாடிக்கையாளர்களுக்கு இதுவரை அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். வடை சுடும்போது ஏன் இப்படி நுரைத்துப் பொங்குகிறது என்று ஒருவர் கேட்டிருப்பார். சுத்திகரிக்காத எண்ணெயில் பிசின்போன்ற பொருட்கள் அப்படியே இருக்கின்றன, அதனால் நுரைக்கும், அடுப்பைக் குறைத்து ஆழமான வாணலியில் பொரியுங்கள் என்று சொல்லியிருப்பீர்கள். அடியில் மண்டி நிற்கிறதே என்று ஒருவர், நல்லெண்ணெயில் ஏன் கருப்பட்டி போடுகிறீர்கள் என்று இன்னொருவர். கடையில் இதைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நிறையப் பேர் கேட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும் என்று அவர்களுக்கு எப்படிச் சொன்னீர்கள்? அன்றைய பருப்பு விலையைப் போட்டு, கூலியைப் போட்டு, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, போனிலேயே கணக்குக் காட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள். பருப்பு விலை ஏறும்போது திருத்துங்கள், இறங்கும்போதும் திருத்துங்கள். எண்ணெய் விற்பவர் ஒருவர் தன் விலையை இப்படித் திறந்துவைத்தால் மதுரையிலிருப்பவருக்கும் சென்னையிலிருப்பவருக்கும் உங்கள் முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இதையெல்லாம் எழுத்தில் கொண்டுவரும்போது கை தானாக இறுகும். "எமது நிறுவனம்", "தரமே தாரக மந்திரம்" என்றெல்லாம் வரும். வாய்ஸ் மெசேஜில் சொன்னபடியே எழுதி, பிறகு பிழையை மட்டும் திருத்துங்கள். கொங்குப் பேச்சு எவ்வளவு வரலாம் என்றும் யோசிப்பீர்கள். போனில் வருகிற அளவு வரட்டும். இப்போது கோவைத் தமிழையும் வீடியோவுக்காக மிகைப்படுத்திப் பேசுகிறார்கள், அதுவும் ஒரு வேஷம்தான். கேமரா முன் நிற்கவும் வேண்டாம். மேஜையின் மேல் போனை வைத்து, அக்காக்கள் சம்மதித்தால் அவர்கள் பொறுக்குவதை எடுங்கள். ஒதுக்கிய பருப்பை ஒரு தட்டில் காட்டி, ஏன் ஒதுக்கினோம் என்று பின்னாலிருந்து நீங்கள் பேசினால் போதும். எதைத் தள்ள வேண்டும் என்று சொல்லும்போது உங்கள் நாக்கு ஒட்டாது. இத்தனை வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்த வேலை உங்களுடையது.

ஒரு எச்சரிக்கை. 'நஞ்சில்லாத எண்ணெய்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கண்ணால் பார்த்து அதை உறுதிசெய்ய முடியாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி, வருகிற அறிக்கையைத் தேதியோடு போடுங்கள். அளவு கூடுதலாக வந்தால் அந்த எண்ணெயை விற்காதீர்கள். அதுவரை "பொறுக்கி ஆட்டுகிறோம்" என்பது வரைதான் நீங்கள் சொல்ல முடியும். அதுவே நிறைய.

கண்கலங்கிப் பேசும் வீடியோவைப் பற்றி. வேலை போன அந்த மாதங்கள் உங்களுடையவை. சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள், யாருக்காவது தெம்பாக இருக்கலாம். ஆனால் எண்ணெய் விற்பதற்காக அதைச் சொல்லச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இன்று அழுதால் நாலு பேர் வாங்குவார்கள். அடுத்த தீபாவளிக்கு விற்பனை மந்தமானால் இன்னொரு அழுகை கேட்பார்கள். வாங்கியவர்களில் இரக்கப்பட்டு ஒருமுறை வாங்கியவர்கள் யார், எண்ணெய் பிடித்து மறுபடி வருபவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியாமல் போகும். எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறோம் என்பதிலும் நம் குரல் இருக்கிறது. செக்கு கற்றுக்கொடுத்த பெரியவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. அவர் சம்மதித்தால் அவரைப் பற்றி எழுதுங்கள். "செக்கு நான் அவரிடம் கற்றுக்கொண்டது, பருப்புப் பார்ப்பது திருப்பூரில் கற்றது" என்பது என் கண்ணுக்கு அந்த மூன்று தலைமுறையைவிட நல்ல அறிமுகம். தாத்தா தறி ஓட்டினார் என்பதையும் மறைக்க ஒன்றுமில்லை.

ஏஜென்சியை உடனே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போட்டோ, விளம்பரம் யாருக்குப் போக வேண்டும் என்ற கணக்கு, கூரியர் பக்கத்து வேலை எல்லாம் அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியலாம். வார்த்தை மட்டும் உங்களிடமிருந்து போகட்டும், அதை மாற்றுவதற்கு முன் உங்களிடம் கேட்கட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ஆள் பாருங்கள். அச்சடித்த லேபிள்கள் மீதமிருந்தால் அந்த வரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், கிழித்துப் பார்ப்பார்கள். புதிதாக அச்சடித்துவிடுங்கள். அப்புறம், அந்த அம்மாவின் நம்பர் உங்களிடம் இருந்தால் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறுபடி வந்தால் மேஜையைக் காட்டுங்கள்.

அன்புடன்