திருகோணமலை ஆரம்பப் பாடசாலைகள் தங்கள் பாடநூல்களை உள்ளூரிலேயே வாங்க விட்டால் என்ன?

முழுவதையும் விடக் கூடாது, ஒரு பகுதியை விடலாம் என்பதே என் கருத்து.

இலங்கையில் 1980 முதல் பாடநூல் இலவசம். தரம் 1 தொடக்கம் 11 வரை கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வழங்குகிறது. லட்சக்கணக்கில் ஒரே தடவையில் அச்சிடுவதால் ஒரு பிரதியின் செலவு குறைகிறது. ஈச்சிலம்பற்றில் அறுபது பிள்ளைகள் படிக்கிற ஒரு பாடசாலை நகரத்துக் கடையில் போய்க் கேட்டால் அந்த விலை கிடைக்காது. பணம் போதவில்லை என்றால் அதிபர் யாரிடம் கேட்பார்? பெற்றோரிடம்தான். கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்றிருக்கிற வீட்டுக்கு அது பெரிய பாரம். அப்புறம், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நாடு முழுக்க ஒன்றுதான். அடிப்படை நூலும் ஒன்றாக இருப்பதே நியாயம்.

வாசிப்புப் புத்தகங்கள் வேறு. திருகோணமலையிலேயே உள்ள கொட்டியாரக் குடாவும் கன்னியா வெந்நீரூற்றும் வருகிற சின்னக் கதைப் புத்தகம் கிடைத்தால் தரம் 2 பிள்ளை தானாகவே எழுத்துக்கூட்டி வாசிக்கும். அதைக் கொழும்பிலிருந்து தெரிவு செய்வது கஷ்டம். வகுப்பு ஆசிரியரே கடையில் புரட்டிப் பார்த்து எடுக்கட்டும். பில்லைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் வைத்தால் சரி.