ஆறாவது பத்தியில் என்ன இருக்கிறது?

வணக்கம்.

ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இரண்டு பிரிவுகளை ஒன்றாக இணைக்கிறார்கள். எல்லோருக்கும் விரிவான மெயில் அனுப்பினோம். நிர்வாக இயக்குநரே கூட்டம் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். கேள்வி கேட்கச் சொன்னபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று வதந்தி. ஒரு வாடிக்கையாளரே போன் செய்து விசாரிக்கிறார். மெயிலை இன்னும் எளிமையாக எழுதியிருக்க வேண்டுமோ? இத்துடன் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மெயிலைப் படித்தேன். மொழியில் ஒரு குறையும் இல்லை. சந்தை நிலவரம், போட்டி, தொலைநோக்கு என்று ஐந்து பத்தி போகிறது. யார் யாருக்குக் கீழே வருவார்கள் என்பது ஆறாவது பத்தியில். ஆட்குறைப்பு உண்டா இல்லையா என்பது எங்கேயுமே இல்லை. படித்தவர்கள் தேடியது அதை மட்டும்தான். கிடைக்காததால் அவர்களே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள்.

2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், நோக்கியாவிடமிருந்து வாங்கிய போன் பிரிவில் சுமார் 12,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அந்தப் பிரிவைக் கவனித்த ஸ்டீஃபன் ஈலாப் ஊழியர்களுக்கு எழுதிய மடல் 'ஹலோ' சொல்லித் தொடங்கி, எந்த போனை எப்படி விற்கப்போகிறோம் என்று பத்தி பத்தியாகப் போய், வெகுநேரம் கழித்துத்தான் அந்த எண்ணுக்கு வந்தது. ஊரே கேலி செய்தது. 2020 மே மாதம் பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் தலைவர் பிரையன் செஸ்கி எழுதியதும் அதே கசப்பான செய்திதான். 7,500 பேரில் ஏறக்குறைய 1,900 பேருக்கு வேலை இல்லை. ஆனால் ஆட்களைக் குறைக்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். எப்படி முடிவெடுத்தோம், போகிறவர்களுக்கு எத்தனை வாரச் சம்பளம் என்பதெல்லாம் அதிலேயே இருந்தது. அதுவும் செதுக்கிச் செதுக்கி எழுதிய கடிதம்தான், அவரைப் புனிதர் என்று சொல்லவில்லை. படித்தவருக்குத் தன் நிலை புரிந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கூட்டத்து மௌனம். "என் வேலை போகுமா சார்?" என்று அத்தனை பேர் நடுவே எம்.டி.யிடம் யார் கேட்பார்கள்? வெளியே வந்து தன் டீம் லீடரிடம் கேட்பார்கள். அவருக்கு முன்பே சொல்லியிருந்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எனக்கும் இப்போதுதான்ப்பா தெரியும்" என்று அவர் சொல்லியிருந்தால், எம்.டி.யின் ஒரு மணி நேரப் பேச்சு அங்கேயே முடிந்தது. டீம் லீடர்களைத் தனியாக உட்காரவைத்து முதலில் சொல்லுங்கள். பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் பங்கு விலையைப் பாதிக்கும் தகவலை முன்கூட்டிச் சொல்வதில் சட்டச் சிக்கல் உண்டு. அங்கே அவர்களுக்குச் சொல்வதற்கும் மற்றவர்களுக்குச் சொல்வதற்கும் நடுவே சில மணி நேர இடைவெளிகூட யோசித்துத்தான் விட வேண்டும். "இது இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதியில் சொல்கிறோம்" என்று சொல்லும் உரிமையையும் டீம் லீடர்களுக்குக் கொடுங்கள். அந்தத் தேதியில் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், ஒன்றுமில்லை என்று வந்து சொல்லியாக வேண்டும்.

வாடிக்கையாளர் விஷயம் எளிது. திங்கட்கிழமை யாரைக் கூப்பிடுவது, பாதியில் நிற்கும் ஆர்டரை யார் பார்ப்பார்கள் என்பது தெரிந்தால் அவருக்குப் போதும். ஊழியர்களுக்குச் சொன்ன அன்றே சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? இன்னொரு மெயில், பத்து வரிக்குள். ஆட்குறைப்பு பற்றி முதல் வரியில். அதை எழுதும் முன், 'ஆட்குறைப்பு இல்லை' என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல நிர்வாகம் தயாரா என்று கேளுங்கள். தயங்கினால், நீங்கள் எனக்கு வதந்தி என்று எழுதியது வதந்திதானா என்றும் கேளுங்கள்.