எம்.ஃபார்மா, ஃபார்ம்.டி.யா? மருந்தாளுநர் முதுநிலைப் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

என் அண்ணன் 2012இல் எம்.ஃபார்ம் முடித்தவர். அவர் சொல்லும் விதிகளும் இப்போது கல்லூரியில் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. என்னவெல்லாம் மாறியிருக்கிறது?

அண்ணன் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வேறாக இருந்தது. பி.சி.ஐ. எனப்படும் இந்திய ஃபார்மசி கவுன்சிலின் 2014 ஒழுங்குமுறை வந்த பிறகு நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டம்தான். பிரிவுகள் பத்து: ஃபார்மசூட்டிக்ஸ், இண்டஸ்ட்ரியல் ஃபார்மசி, மருந்து வேதியியல், மருந்துப் பகுப்பாய்வு, தர உறுதி, ரெகுலேட்டரி அஃபேர்ஸ், உயிர்தொழில்நுட்பம், ஃபார்மசி பிராக்டிஸ், மருந்தியல், ஃபார்மகாக்னசி. இந்தப் பட்டியலில் இல்லாத பெயரில் யாராவது சீட் தந்தால், பி.சி.ஐ. ஒப்புதல் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

படிப்பு நான்கு செமஸ்டர். ஒவ்வொன்றிலும் குறைந்தது 100 வேலை நாள், 80 சதவீத வருகை. பட்டத்துக்குக் குறைந்தது 95 கிரெடிட் வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். செமஸ்டர்வாரியாகக் கிடைப்பது 26, 26, 21, 20. கூட்டினால் 93தான் வரும். மீதி இரண்டு, பாடத்துக்கு வெளியே நீங்களே சேர்க்க வேண்டியது. உங்கள் பிரிவு சார்ந்த தேசியக் கருத்தரங்கு என்றால் ஒரு கிரெடிட், சர்வதேசக் கருத்தரங்கு என்றால் இரண்டு. ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வந்தாலும் கிரெடிட் உண்டு. ஆனால் கட்டுரை ஏற்கப்படுவது உங்கள் கையில் இல்லை. முதலாண்டிலேயே இரண்டு கருத்தரங்குச் சான்றிதழ்களை வாங்கி வைத்துவிட்டால் கவலையில்லை.

இன்னொரு மாற்றம், யாருக்கு அதிகாரம் என்பது. ஃபார்மசி கல்வியில் அதிகாரம் பி.சி.ஐ.க்கே என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கல்லூரி விளம்பரத்தில் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. நீங்கள் சேரும் பிரிவுக்கு, சேரும் கல்வியாண்டுக்குப் பி.சி.ஐ. ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்கு ஒப்புதல் இருக்கும், குறிப்பிட்ட பிரிவுக்கு இருக்காது. இதுவும் நடக்கிற கதைதான்.

அரியர் வைத்துக்கொண்டு ஆய்வேட்டை முடித்துவிடலாமா?

முடியாது. முதல் இரண்டு செமஸ்டர் அரியரை மூன்றாம் செமஸ்டர் தேர்வு வரை இழுக்கலாம். முதல் மூன்று செமஸ்டர் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறாமல் நான்காவதுக்குள் போக முடியாது. மொத்தப் படிப்பையும் நான்கு ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். தாண்டினால் புதிதாகப் பதிந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பி.ஃபார்மில் சி.ஜி.பி.ஏ.தான் இருக்கிறது. எம்.ஃபார்ம் சேரத் தேவையான 55 சதவீதத்தை எப்படிக் காட்டுவது? மாநில ஃபார்மசி கவுன்சில் பதிவு இன்னும் வாங்கவில்லை, பரவாயில்லையா?

55 சதவீதம் என்பது நான்கு ஆண்டுகளின் மொத்தக் கூட்டு. இறுதியாண்டு மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சி.ஜி.பி.ஏ.யை நீங்களாகப் பத்தால் பெருக்கியும் எழுதாதீர்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சூத்திரம் மாறும். உங்கள் பல்கலைக்கழகம் தரும் மாற்றுச் சான்றிதழை வாங்கி இணையுங்கள்.

பதிவு விஷயத்தில் 'பரவாயில்லை' என்று விட முடியாது. சேரும்போது பதிவு இல்லாவிட்டால் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வாங்கியாக வேண்டும், இல்லையேல் சேர்க்கை ரத்து என்று விதியிலேயே இருக்கிறது. ஒரு மாதம் போதுமே என்று தோன்றும். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வருவதற்கே சில வாரம் ஆகும். பெயரின் முன்னெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். ஆகவே இறுதி செமஸ்டர் முடிவு வந்த வாரமே விண்ணப்பியுங்கள். டி.ஃபார்ம் பதிவு ஏற்கெனவே இருப்பவர்கள் பி.ஃபார்மைக் கூடுதல் தகுதியாகச் சேர்க்க மறக்கக் கூடாது. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்களுக்கு மைக்ரேஷன் சான்றிதழும் கட்டாயம்.

எம்.ஃபார்ம் நுழைவுக்கான ஜிபேட் தேர்வில் தெரியாத கேள்வியை விட்டுவிடுவதா, ஊகித்து எழுதுவதா?

தேர்வை இப்போது நடத்துவது என்.பி.இ.எம்.எஸ். எனப்படும் தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம். 2023 வரை நடத்திய என்.டி.ஏ. (தேசியத் தேர்வு முகமை) இல்லை. 125 கேள்வி, 500 மதிப்பெண். சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாக ஒரு கேள்விக்கு கால் மதிப்பெண் லாபம். ஒரு விடையை உறுதியாக ஒதுக்க முடிந்தால் லாபம் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் ஆகும். எனவே பயந்து விட்டுவைப்பதற்குக் கணக்கில் காரணமில்லை. ஆனால் ஊகத்துக்காக நேரத்தைச் செலவிடாதீர்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் வேலை பார்க்க ஆசை. எம்.ஃபார்ம் ஃபார்மசி பிராக்டிஸா, பி.ஃபார்முக்குப் பிறகு படிக்கும் மூன்றாண்டு ஃபார்ம்.டி. போஸ்ட் பேக்கலாரியேட்டா?

வார்டில் நோயாளியோடு இருக்க வேண்டும் என்றால் ஃபார்ம்.டி. அதில் கடைசி 12 மாதம் முழுவதும் இன்டர்ன்ஷிப்: ஆறு மாதம் பொது மருத்துவம், மற்ற மூன்று துறைகளில் தலா இரண்டு மாதம். எம்.ஃபார்ம் பிராக்டிஸ் ஓராண்டு முன்னதாக முடியும். ஆனால் அதன் பின்பாதி பெரும்பாலும் ஆய்வேட்டில் போய்விடும். கற்பித்தலுக்குப் போவதானால் இரண்டும் செல்லும்: முதல் வகுப்பு பி.ஃபார்மோடு எம்.ஃபார்ம் அல்லது ஃபார்ம்.டி. இருந்தால் விரிவுரையாளர் பணிக்குத் தகுதி. மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமை இரண்டிலும் இல்லை.

பட்டத்தின் பெயரைவிட மருத்துவமனையைப் பாருங்கள். ஃபார்ம்.டி. நடத்த 300 படுக்கை மருத்துவமனை வேண்டும் என்பது விதி. ஒப்பந்தம் மட்டும் காகிதத்தில் இருந்து, மாணவர்களை ரவுண்ட்ஸில் சேர்க்காத இடங்களில் மூன்று ஆண்டும் வீண். சீனியர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதிய குறிப்பை டாக்டர் படிக்கிறாரா?"

அந்தக் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. 68 வயது அம்மா, எடை 50 கிலோ, சீரம் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு) 1.6. பார்வைக்குக் கொஞ்சம்தான் கூடுதல். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிடும் காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போடுவோம்: 140இலிருந்து வயதைக் கழித்தால் 72; அதை 50ஆல் பெருக்கி, 72 பெருக்கல் 1.6ஆல் வகுத்தால் 31.25, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 26.6 மில்லிலிட்டர். இவருக்கு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 750 மி.கி. தினமும் என்று எழுதியிருந்தால், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மாற்றப் பரிந்துரைக்க வேண்டும். கணக்கு இரண்டு நிமிட வேலை. எந்த நோயாளிக்கு அதைப் போட வேண்டும் என்று கண்ணில் படுவதற்குத்தான் ஓராண்டு வார்டு தேவைப்படுகிறது.

ஆய்வேட்டுத் தலைப்பை மூன்றாம் செமஸ்டரில் முடிவு செய்தால் போதும் என்கிறார் வழிகாட்டி. சரியா?

பாடத்திட்டப்படி சரி, நடைமுறையில் தாமதம். ஆய்வேட்டை நிறுத்திவைப்பது பெரும்பாலும் அறிவியல் அல்ல, அனுமதி. இரண்டாம் செமஸ்டரிலேயே நகர்த்தத் தொடங்குங்கள்.

நோயாளிகளிடம் தகவல் திரட்டுவதானால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வரும்வரை ஒரு படிவம்கூட நிரப்பக் கூடாது. முன்தேதியிட்ட ஒப்புதல் என்று ஒன்று கிடையாது. அதற்கு முன் சேர்த்த தரவை எந்த நல்ல இதழும் ஏற்காது. குழு 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின் கீழ் பதிவானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் திரும்பி வர வழக்கமான காரணங்கள் மூன்று: ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது, மாதிரி எண்ணிக்கைக்குக் கணக்கு காட்டாதது, யாரைச் சேர்ப்போம், யாரை விலக்குவோம் என்று தெளிவாகச் சொல்லாதது. தமிழ்ப் படிவத்தை மருத்துவம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வு என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு முடிந்திருக்க வேண்டும். பின்னால் பதிவது 2018 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

கேள்விப்பட்டியல்களிலும் கவனம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அளக்க மாரிஸ்கி எட்டு கேள்விப் பட்டியலை இணையத்திலிருந்து இறக்கிப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு உரிமம் வேண்டும். உரிமமின்றிப் பயன்படுத்திய கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. எதிர்வினைக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பிட நரஞ்சோ அளவுகோல் வசதியானது: பத்துக் கேள்வி, மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேல் என்றால் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும், 1 முதல் 4 வரை சாத்தியம்.

மருந்தியல் பிரிவினருக்கு விலங்கு நெறிமுறைக் குழு. குழு கூடும் தேதியைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். பதிவு பெற்ற வளர்ப்பகத்தில் சரியான எடையில் எலி கிடைக்க இன்னும் சில வாரம். ஃபார்மகாக்னசி என்றால் செடி பூக்கும் பருவத்தில் பறித்து, உலர்மாதிரி செய்து, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறை போன்ற இடத்தில் அடையாளச் சான்று வாங்குங்கள். வெறும் உலர்ந்த வேரைக் கொண்டுபோய் நீட்டினால் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

மதிப்பெண்ணும் இதையேதான் சொல்கிறது. ஆய்வேட்டுப் புத்தகத்துக்கான 500இல் நோக்கத்துக்கு 50, செய்முறைக்கு 150, முடிவுகளும் விவாதமும் சேர்ந்து 250, முடிவுரைக்கு 50. முன்னுரையை முப்பது பக்கம் எழுதி விவாதத்தை மூன்று பக்கத்தில் முடிப்பவர்கள் எங்கே இழக்கிறார்கள் என்று புரியும்.

மருந்து ஆலையில் ஓராண்டாக வேலை. தர உறுதிப் பிரிவில் அஞ்சல் வழி எம்.ஃபார்ம் படிக்கலாமா? உற்பத்தி ஒப்புதல் பெற அது உதவுமா?

அஞ்சல் வழி எம்.ஃபார்ம் கிடையாது. தொலைநிலைக் கல்வியில் ஃபார்மசியை யு.ஜி.சி. தடை செய்திருக்கிறது.

உற்பத்திக்கான தகுதி வாய்ந்த தொழில்நுட்பப் பணியாளர் ஆவதற்கு, மருந்து விதிகளின் 71ஆம் விதிப்படி ஃபார்மசி பட்டமும் அதன் பிறகு 18 மாத உற்பத்தி அனுபவமும் போதும். எம்.ஃபார்ம் அந்த அனுபவத்துக்கு ஈடாகாது. இன்னும் ஆறு மாதத்தில் உங்களுக்கு அது நிறைந்துவிடும் என்றால், முடித்துவிட்டே படிக்கப் போங்கள். ஆய்வகத்தில் கழித்த மாதங்கள் உற்பத்தி அனுபவமாகக் கணக்காகாது என்பதையும் கவனியுங்கள்.

தர உறுதிப் பிரிவுக்கு இப்போது தேவை கூடியிருப்பது உண்மை. 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்திய ஷெட்யூல் எம் (நல்ல உற்பத்தி நடைமுறை விதிகள்), தர இடர் மேலாண்மை, ஆண்டுதோறும் தயாரிப்பு மறுஆய்வு, கணினி முறைகளின் வேலிடேஷன் என்று பழைய விதியில் இல்லாதவற்றைச் சிறு ஆலைகளிடமும் கேட்கிறது. ஆய்வேட்டுக்கு இவற்றிலிருந்து ஒரு தலைப்பை எடுத்து, ஆலையிலேயே தரவு எடுக்க எழுத்துவழி அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதியை நம்பி இறங்கினால், மேலாளர் மாறியதும் தரவு கிடைக்காது.

அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆக, பி.ஃபார்மோடு எம்.ஃபார்மையும் சேர்த்தால் ஆறாண்டுப் படிப்பு ஆகிவிடுமே?

ஆகாது. 2003 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு எஃப்.பி.ஜி.இ.இ. (வெளிநாட்டில் ஃபார்மசி படித்தவர்களுக்கான அமெரிக்கத் தகுதித் தேர்வு) எழுத, ஃபார்மசியின் அடிப்படைப் பட்டமே குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டமாக இருக்க வேண்டும். மேலே படிக்கும் முதுநிலை ஆண்டுகளைக் கூட்டிக் காட்ட முடியாது. அந்த எண்ணம் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே இருந்தால் ஆறாண்டு ஃபார்ம்.டி.யில் சேர்வதே வழி.