வில் வேட்டைக்கு ட்ரீ ஸ்டாண்டை எந்த மரத்துல கட்டுறது?

ட்ரீ ஸ்டாண்டுன்னா வேட்டைக்காரர் உயரத்துல உக்காந்து காத்திருக்க மரத்துல கட்டுற மேடை. கேட்டவர் அமெரிக்காவுல பென்சில்வேனியால இந்த வருஷம்தான் வேட்டை லைசென்ஸ் எடுத்திருக்காராம். காட்டுக்குள்ள மான் தடம் நிறைய இருக்கு, ஆனா எந்த மரம்னு முடிவு பண்ண முடியலன்னு கேட்டிருக்கார். நானும் அந்த மாநிலத்துல மலைப்பக்கம்தான் வேட்டைக்குப் போறேன், அதனால அந்தக் காட்டை வச்சே சொல்றேன். (இந்தியால 1972 சட்டப்படி மான் வேட்டை குற்றம், இது அமெரிக்காவுக்கு மட்டும்.)

தடம், புழுக்கை, மரத்துல கொம்பு தேய்ச்ச அடையாளம் எல்லாம் குவிஞ்சு கிடக்குற எடத்தைப் பாத்ததும் இங்கயே கட்டிடலாம்னு கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க. நீங்க அந்த மரத்துக்கு எந்த வழியா போவீங்க, இருட்டினப்புறம் எந்த வழியா திரும்புவீங்க, உங்க வாடை காத்துல எந்தப் பக்கம் போகும், இது மூணுக்கும் பதில் கிடைச்சாதான் அது ஸ்டாண்ட் மரம். பதில் இல்லன்னா எவ்வளவு தடம் இருந்தாலும் அந்த மரத்தை விட்டுடுங்க. வெள்ளைவால் மானுக்கு கண்ணும் காதும் கூர்மைதான், ஆனா மூக்குக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமே இல்ல, ஒரு தடவை உங்க வாடை பட்டுச்சுன்னா அந்த வழியையே மாத்திக்கும், இல்ல ராத்திரி மட்டும்தான் வரும்.

முதல்ல தீனி எங்கன்னு பாருங்க. அக்டோபர்ல சீசன் ஆரம்பிக்கிறப்ப ஓக் கொட்டை உதிர்ற நேரம். ஓக்லயே ஒயிட் ஓக் கொட்டைதான் மானுக்கு ரொம்பப் பிடிக்கும், ரெட் ஓக்ல டானின் ஜாஸ்தி, துவர்க்கும். இலையைப் பாத்தா சுலபமா தெரியும், ஒயிட் ஓக் இலையோட ஓரத்துல விரல் மாதிரி பிரியுற மடல் நுனி உருண்டையா இருக்கும், ரெட் ஓக்குக்கு கூரா முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். கொட்டை கொட்டுற ஒயிட் ஓக் ஒண்ணு கிடைச்சா அங்கேருந்து மான் பகல்ல படுக்குற எடம் எந்தப் பக்கம்னு தேடுங்க. மலைன்னா பெரும்பாலும் காத்து அடிக்காத சரிவுல, உச்சிக்குக் கொஞ்சம் கீழ படுத்திருக்கும், வடமேற்குக் காத்துன்னா தென்கிழக்குச் சரிவு. படுக்கைக்கும் தீனிக்கும் நடுவுல இருக்குற வழிதான் உங்க எடம், ஆனா படுக்கைக்கு ரொம்பக் கிட்ட போகாதீங்க, கலைஞ்சு போயிடும்.

இப்ப காத்து. போன்ல வர்ற காத்து திசையை மட்டும் நம்பி மலைல ஏறாதீங்க. காலைல வெயில் ஏற ஏற சூடான காத்து சரிவுல மேல போகும், சாயங்காலம் குளிர்ந்து கீழ இறங்கும், காத்து லேசா இருக்குற நாள்ல இதுதான் உங்க வாடையை இழுத்துக்கிட்டுப் போகும். அதனால காலை ஸ்டாண்ட் மான் வழிக்கு மேல, சாயங்கால ஸ்டாண்ட் கீழ, ஒரே ஸ்டாண்ட் ரெண்டுக்கும் சரியா வராது. இதைக் கண்ணால பாக்கணும்னா மில்க்வீட் காயை உடைச்சு உள்ள இருக்குற பஞ்சை கொஞ்சம் பாக்கெட்ல வச்சுக்கங்க, நம்ம எருக்கம் பஞ்சு மாதிரியே இருக்கும். மரத்து மேலேருந்து ஒரு இழையை விடுங்க, நேரா போற மாதிரி போயி பள்ளம் வந்ததும் சடார்னு திரும்பிக் கீழ இறங்குறது தெரியும். காத்து பாக்குறதுக்குன்னு விக்கிற பாட்டில்லேருந்து அடிக்கிற பவுடர் ரெண்டு மூணு அடிலயே மறைஞ்சிடும், பஞ்சு ரொம்பத் தூரம் கண்ணுக்குத் தெரியும்.

நவம்பர்ல ரட், அதாவது மான் இணை சேர்ற பருவம், சூடு பிடிச்சதும் ஆண் மான் தீனியை மறந்துட்டு பெண் மானைத் தேடி அலையும். அப்ப மேடு பள்ளத்தைக் கோடு போட்டுக் காட்டுற டோப்போ மேப்பை எடுத்து ரெண்டு மேட்டுக்கு நடுவுல தாழ்ந்து இருக்குற சேடில், ஓடைக்கும் செங்குத்துச் சரிவுக்கும் நடுவுல குறுகுற எடம், இந்த மாதிரி தேடுங்க.

மரம் மான் வழிலேருந்து 15 டு 20 கஜம் தள்ளி இருந்தா போதும். வழிக்கு நேர் மேல வேண்டாம், செங்குத்தா அடிச்சா ரெண்டு நுரையீரலும் கிடைக்காது, ஒண்ணுல மட்டும் பட்ட மான் ரொம்பத் தூரம் ஓடி வேதனைல சாகும். தூரமும் வேண்டாம், அம்பு செகண்டுக்கு 280 அடி போகுதுன்னா சத்தம் 1100 அடி போகுது, நாண் சத்தம் கேட்டு மான் குனியுறதுக்கு நேரம் கிடைச்சிடும். உயரம் 18, 20 அடி தாராளம். வலது கைக்காரர்னா வழி உங்க இடது பக்கம் வர்ற மாதிரி கட்டுங்க, உக்காந்தபடியே வில்லை இழுக்கலாம். முதுகுக்குப் பின்னாடி கிளையோ இன்னொரு மரமோ இருக்கணும், வெறும் வானம் இருந்தா நீங்க அசையுறது பளிச்சுனு தெரியும்.

செத்த மரம், உளுத்த மரம், பட்டை உரியுற மரம் எவ்வளவு நல்ல எடத்துல இருந்தாலும் வேண்டாம். கால் தரையை விட்டதுலேருந்து திரும்ப தரைல படுற வரைக்கும் உடம்பு முழுக்கப் பிடிக்கிற ஃபுல் பாடி ஹார்னஸ் பட்டை, மரத்துல மேலேருந்து கீழ வரைக்கும் கட்டுற லைஃப்லைன் கயிறுல மாட்டியிருக்கணும், வில்லையும் அம்பையும் மேல போனப்புறம் கயிறுல இழுத்துக்கங்க. கேம் லேண்ட்ஸ்ல, அதாவது மாநில அரசோட வேட்டை நிலத்துல, கட்டுறதா இருந்தா மரத்துல ஆணி, ஸ்க்ரூ எதுவும் அடிக்கக் கூடாது, ஸ்டாண்டை எப்ப வைக்கலாம் எப்ப எடுக்கணும்னு மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷனோட விதி இருக்கு, அவங்க கையேட்டுல பாத்துட்டு கட்டுங்க. கிளை வெட்டுற வேலை, பாதைல சருகு ஒதுக்குற வேலை எல்லாத்தையும் சீசனுக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சிட்டு அந்தப் பக்கமே போகாம இருங்க, காத்து சரியா இருக்குற நாள் வர்றப்ப மட்டும் ஏறுங்க.